கீழே இருப்பவர்கள்: பூஜ்யம்

மூன்றாவது நாளாக, காலை சரியாக ஏழு பத்துக்கு, சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களை எண்ணும் புரோகிராம் செத்து விழுந்தது.

கம்ஷாத் அதற்கு முன்பே எரிச்சலில்தான் இருந்தாள். விடிவதற்கு முன் எழுந்து தம்பிக்கு முட்டையும் இறைச்சித் துண்டுகளும் பொரித்து வைத்திருந்தாள். தஸ்தான் தட்டின்மேல் முகம் படுகிற அளவுக்குக் குனிந்து, கண்ணை மூடி, ஆவி அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வாய்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து இதே கூத்து. வீட்டுக்குள்கூடக் கையுறையைக் கழற்றுவதில்லை, கேட்டால் பதில் இல்லை. வேலை முடிந்து வந்தால் பெல் அடிப்பதுமில்லை. சின்ன வயதிலிருந்து அவன் பெல்லை இரண்டு முறை அடித்து, கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை அடிப்பான். அதைக் கேட்டுக் கேட்டு அவள் காதே புளித்துப்போயிருந்தது. இப்போது அவள் தானாகத் திறக்கும்வரை வெளியே சத்தம் காட்டாமல் நிற்கிறான். நேற்று குப்பை கொட்டக் கதவைத் திறந்தவள் இருட்டில் அவன்மேலேயே மோதிக்கொண்டாள். அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, தரையில் கறுப்பாகக் காய்ந்தே போயிருந்தது.

யார்மேலாவது கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு அலுவலகத்தில் அவளும் கம்ப்யூட்டரும்தான் இருந்தார்கள்.

கஜகஸ்தானின் கரகந்தா பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் குளிர்காலப் பகல் என்பது பேருக்குத்தான். ஜன்னல் விளிம்பில் பனி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. கீழே பெரிய விசிறி ஓடும் உறுமல் சுவர் வழியாக ஏறி, மேசை வழியாக அவள் முழங்கைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த விசிறி நின்றால்தான் இங்கே ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

இன்றைக்கு அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் தீப்பிடித்து மூடிய மேற்குப் பகுதியில் இன்று மூன்று மணிக்குத் தண்ணீர் விட்டு நிரப்பப்போகிறார்கள். அங்கே கிடந்த பம்புகளையும் கேபிளையும் எடுக்கச் செவ்வாய்க்கிழமை அதன் அடைப்புச் சுவரை உடைத்தார்கள். அந்தக் குழுவில் தஸ்தானும் போயிருந்தான். அன்றைக்கே சாயங்காலம் சுவரை மறுபடி கட்டி, குழாயைச் செருகியாயிற்று. உள்ளே யாரும் இல்லை என்று எண்ணும் புரோகிராம் சொல்ல வேண்டும். அது சொல்வது சரி என்று கம்ஷாத் எழுதித் தர வேண்டும். தினமும் காலையில் செத்து விழுகிற ஒன்றை நம்பி எப்படி எழுதித் தருவது?

காரணம் தெரிந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் சுரங்கத்தில் ஓடுவது ரிலீஸ் பில்ட். அது வாயைத் திறக்காமல் வேலை பார்க்கும், சாகும்போதும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாகும். டீபக் பில்ட் என்றால் ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டே போகும். எங்கே தப்போ அங்கே நின்று, இது தப்பு என்று சொல்லும். அதைக் கட்டத்தான் அவள் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில், எல்லாத் துண்டுகளையும் ஒட்டுகிற லிங்கர் அதே வரியைத் துப்பியது.

'சனாக்-டி' கிடைக்கவில்லை.

சனாக் என்பது ஆட்களை எண்ணுகிற லைப்ரரி. ஓரல்பெக் என்பவர் எழுதியது. ரிலீஸ் பில்டுக்கான சனாக் இருந்தது. டீபக்குக்கான அதன் ஜோடி, வாலில் ஒரு 'டி' சேர்த்த ஃபைல், எங்கேயும் இல்லை. சர்வரில் தேடினாள். பழைய சர்வரின் நகலில் தேடினாள். அலமாரியிலிருந்து தூசி பிடித்த சிடிக்களை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒன்றில் யாருடைய கல்யாண வீடியோவோ இருந்தது. ஓரல்பெக்கிடமே கேட்கலாம் என்றால், மேற்குப் பகுதி தீப்பிடித்த அன்று ஒவ்வொருவர் விளக்கிலும் இருக்கும் சில்லைப் படித்து ஆளைப் பதிகிற ஒரு ரீடரைச் சரிபார்க்க உள்ளே போனவர் அவர்தான். சுவர் அவரையும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது. செவ்வாய்க்கிழமை சுவரை உடைத்தபோது அவருடைய உடம்பும் கிடைக்கவில்லை.

போன் அடித்தது. இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையிலிருந்து லூபா.

"கம்ஷாத், உன் தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லி வை. செவ்வாய்க்கிழமை விளக்கைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறான். மூணு நாளா உதிரி விளக்கு கொடுத்து, அவன் பேரை நான் கையால கம்ப்யூட்டர்ல அடிச்சிட்டிருக்கேன். எனக்கு வேற வேலை இல்லையா?"

"சொல்றேன் லூபா."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என் டீ கிளாஸையே பாக்கிறான். காதல் கீதல்னு ஏதாவதா?"

"தெரியல. எங்கிட்டயும் அப்படித்தான்."

போனை வைத்துவிட்டு மறுபடி கோடுக்குள் போனாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு வரி கண்ணில் பட்டது. மொத்தத்திலிருந்து ஒன்றைக் கழிக்கும் வரி. காரணம் எழுதவில்லை, எழுதியவர் பெயர் மட்டும் இருந்தது. அவள் மேலதிகாரி, எல்லோரும் அகா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் தோலெகென்.

அவரே கொஞ்ச நேரத்தில் கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தோலெகென் அகா, இது என்ன, எல்லாத்துலயும் ஒண்ணைக் கழிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. "அதுவா... ஓரல்பெக் இறங்கினதாப் பதிவாயிருக்கு, ஏறினதா இல்ல. உடம்பு கிடைக்காம கேஸ மூட மாட்டேங்கிறாங்க, கேஸ் மூடாம அவன் பேரை எடுக்க முடியாது. தினமும் எல்லாரும் மேல வந்த பிறகும் கீழ ஒரு ஆள்னு காட்டும். கன்ட்ரோல் ரூம் டிஸ்பேச்சர் பொண்ணு ஒருத்தி அழுதுட்டே வேலைய விட்டுட்டா. அதான் ஒண்ணக் கழிச்சுட்டேன். ஒண்ணுதானே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்ற விஷயமா இது? சரி, கையெழுத்து என்னாச்சு?"

"டீபக் லைப்ரரி இல்ல அகா. இல்லாம எப்படிப் பாக்கிறது?"

"அவன் அதை யாருக்கும் கொடுக்க மாட்டான். பென் டிரைவ்ல போட்டு கழுத்துல கட்டிக்கிட்டே திரிவான்." தோலெகென் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருக்கிற சனாக்கை ஒரு காப்பி எடு. பேரை சனாக்-டின்னு மாத்து. லிங்கர் பேரைத்தானே பாக்குது? அது பாட்டுக்கு ஒட்டிக்கும்."

அது ஏமாற்று வேலை என்று கம்ஷாத்துக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். பெயர்தான் டீபக், உள்ளே அதே ஊமை. ஆனால் ஐந்து மணி நேரமாக ஒரே வரியைப் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்திருந்தது. காப்பி எடுத்தாள். பெயரை மாற்றினாள். லிங்கர் முணுமுணுக்காமல் ஒட்டிக்கொண்டது. ஓடவிட்டாள். பிற்பகல் ஷிஃப்டில் கையால் அடிக்கும் பெயர் எதுவும் வராததால் புரோகிராம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. மேற்குப் பகுதி, கீழே இருப்பவர்கள்: பூஜ்யம்.

"பாத்தியா," என்றார் தோலெகென், பேனாவை நீட்டிக்கொண்டே.

டீபக் பில்டில் சோதிக்கப்பட்டது, எண்ணிக்கை சரி என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வேகமாகப் போனார். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டாள்.

பசிக்கு மருந்து தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தது. சூடான எண்ணெய் வாசனை முதலில் வந்தது, பிறகு எல்லோரும் அபாய், அதாவது அக்கா, என்று கூப்பிடும் ரௌஷன். ஓரல்பெக்கின் மனைவி. நான்கு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் இறந்தவர் பேரில் ஏழு ஷெல்பெக் ரொட்டி பொரித்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, புருஷன் வேலை பார்த்த இடத்தில் ஏழு பேருக்குக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"ஏழாவது உனக்கு, கண்ணு. சூடா இருக்கும்போதே சாப்பிடு." மெலிந்த, வட்டமான ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "எண்ணெய் இன்னிக்கு சரியா காயல. வாசனை போய்ச் சேர்ந்துச்சோ என்னமோ."

"நல்லா வருது அபாய்."

"உனக்கு வந்து என்ன. அவருக்குப் போகணும். செத்தவங்க என்ன கடிச்சு மென்னு சாப்பிடவா போறாங்க? குனிஞ்சு வாசனையைத்தான் எடுத்துக்குவாங்க. அதான் அவங்களுக்குச் சாப்பாடு."

கம்ஷாத்தின் கை ரொட்டிக்குப் பாதி தூரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அபாய், அவர் கழுத்துல ஏதோ கட்டியிருப்பாராமே. கம்ப்யூட்டர்ல செருகறது."

"ஆமா. கயிறு நான்தான் பின்னிக் கொடுத்தேன். பச்சைக் கம்பளி நூல்ல, மூணு இழை. அதோடதான் இறங்கினார்." ரௌஷன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, பழகிவிட்டிருந்தது. "ஏன் கேக்கிற?"

"ஒண்ணுமில்ல."

அவள் போகும்வரை கம்ஷாத் தன் கைப்பையைத் திறக்கவில்லை. காலடி ஓசை படியிறங்கி ஓய்ந்தபிறகு திறந்தாள். காலையில் வீட்டில் சாவியைத் தேடும்போது செருப்பலமாரிமேல் தஸ்தானின் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பான பென் டிரைவ் கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டிருந்தாள். கயிற்றில் கரி அப்பியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பச்சை. மூன்று இழை.

அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை சுவருக்கு அப்பால் ஓரல்பெக்கைப் பார்த்திருக்கிறான். பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு வரவில்லை. பாவம், இருபத்தாறு வயதுப் பையன். அவன்மேல் காலையில் எரிச்சல்பட்டதை நினைத்து அவளுக்கு நெஞ்சு வலித்தது. அந்த விதவையிடம் பொய் சொன்னது அதைவிட வலித்தது.

டிரைவைச் செருகினாள். ஒரே ஒரு ஃபைல். சனாக்-டி.

கையெழுத்துப் போட்டாயிற்று, இனி இது தேவையில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. தான் ஒட்டிய போலியை அழித்துவிட்டு இதை அந்த இடத்தில் வைத்தாள். லிங்கர் இப்போது வேறு பதினொரு குறை சொன்னது: இது பழசு, அது பொருந்தவில்லை, இன்னொன்று இரண்டு தடவை இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். பாதையை மாற்றினாள், பழைய கம்பைலரைத் தேடி ஏற்றினாள், வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி கட்டினாள். ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்து நான்கு மணிக்கு முழுதாக அணைந்தது. அவள் விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. விசிறியின் உறுமல் முழங்கையில். ஆறிப்போன எண்ணெய் வாசனை. திரையின் வெளிச்சத்தில் தொடப்படாத ஷெல்பெக்.

நான்கு இருபதுக்குப் பில்ட் முடிந்தது. குறைகள்: ஒன்றுமில்லை.

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பதிவான எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினாள். டீபக் பில்ட் பேச ஆரம்பித்தது. வரி வரியாக, யார் எப்போது இறங்கினார்கள், எந்த ரீடரைத் தாண்டினார்கள், எப்போது ஏறினார்கள். திரை வேகமாக ஓடியது. பிறகு நின்றது.

*நிறுத்தம். புதன், காலை 7:10. தஸ்தான் இறங்குகிறார். இவர் ஏற்கெனவே கீழே இருக்கிறார்.*

இதுதானா. லூபா கையால் அடித்த பெயர். விளக்கைத் தொலைத்தவன் செவ்வாய்க்கிழமை ஏறியது பதிவாகவில்லை, அதனால் மறுநாள் இறங்கும்போது குழப்பம். இவ்வளவுதான். அவள் சிரித்தேவிட்டாள். உறுதி செய்துகொள்ள மேலே தள்ளிப் படித்தாள்.

*செவ்வாய், 7:08. தஸ்தான் இறங்கினார்.*
*செவ்வாய், 11:20. தஸ்தான் மேற்குச் சுவரைத் தாண்டி உள்ளே போனார்.*
*செவ்வாய், 14:05. ஓரல்பெக் ஏறினார்.*

மறுபடி படித்தாள்.

ஓரல்பெக் ஏறினார்.

ரீடர் கோளாறு. பழைய விளக்கை யாராவது மேலே கொண்டுவந்திருப்பார்கள். தஸ்தானேகூட. கயிற்றை எடுத்தவன் விளக்கையும் எடுத்திருக்கலாம். தன் விளக்கை உள்ளே போட்டுவிட்டு, அவர் விளக்கோடு. இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது?

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விரலால், சின்னப் பிள்ளை மாதிரி. நான்கு வருடமாகக் கீழே ஒருவர். அவர் ஏறிவிட்டார். தஸ்தான் ஏறவில்லை. கீழே மறுபடி ஒருவர். அதில் தோலெகென் கழித்த ஒன்று போக, பூஜ்யம்.

திரை தானாக நகர்ந்தது. பழைய பதிவு முடிந்து, சுரங்கத்தின் நேரடிக் கம்பியோடு இணைந்திருந்தது. ரிலீஸ் பில்ட் காட்டாத வரிகள் வந்தன. தொலைந்ததாகப் பதிவான விளக்கிலிருந்து வருவதை அது குப்பை என்று தள்ளிவிடும். இது தள்ளவில்லை.

*மேற்குச் சுவர். தஸ்தானின் விளக்கு. ஆபத்துப் பொத்தான் அழுத்தப்பட்டது. செவ்வாய் முதல்: 4,316 முறை.*

*அழுத்தப்பட்டது.*
*அழுத்தப்பட்டது.*

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.

*அழுத்தப்பட்டது.*

இரண்டு. விட்டு. ஒன்று.

போனை எடுத்ததும் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள். டிஸ்பேச்சர் எண்.

"தண்ணியை நிறுத்துங்க. மேற்குல ஆள் இருக்கு. உள்ள ஆள் இருக்கு."

"யாரு, கம்ஷாத்தா? என்ன உளர்றே, மூணு மணிக்கே திறந்தாச்சு. உன் கையெழுத்து என் முன்னாடியே இருக்கு. பூஜ்யம்னு போட்டிருக்க."

"நான் போட்டது பொய். என் தம்பி உள்ள இருக்கான். தஸ்தான். செவ்வாய்க்கிழமையிலேருந்து."

மறுமுனையில், பயந்த குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக: "இந்தா பாரு. தஸ்தான் இன்னிக்கு ரெண்டு மணிக்கே மேல வந்துட்டான். இப்பத்தான் என்னைத் தாண்டிப் போனான். உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வரான் போல. நீ உக்காரு, தண்ணி குடி..."

"அடைங்க. கெஞ்சிக் கேக்கிறேன். அடைங்க அதை."

"அடைச்சாலும் ஒண்ணரை மணி நேரமா ஓடியிருக்கு, கம்ஷாத்."

*அழுத்தப்பட்டது.*
*அழுத்தப்பட்டது.*

*அழுத்தப்பட்டது.*

போன் கையில் தொங்கியது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தூரத்திலிருந்து.

தாழ்வாரத்தில் காலடி கேட்கவில்லை. கதவு தட்டப்படவில்லை. ஆனால் கதவின் கீழே இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு இடம் இருட்டாக இருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவள் திறக்கவில்லை. அவள் இடத்தைவிட்டு அசையவேயில்லை.

கதவு திறந்தது.

தம்பியின் கோட்டு. தம்பியின் தொப்பி. கையுறை. அவளைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி வந்தது. கரி வாசனை, ஈர மண் வாசனை, அதற்கு அடியில் நான்கு வருடப் பழைய எண்ணெய். திரையையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தது.

ஏழாவது ஷெல்பெக்கின்மேல் குனிந்தது. கண்ணை மூடியது. மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.

அதன் தோளுக்குப் பின்னால் திரை வேகமாக ஓட ஆரம்பித்திருந்தது. இப்போது இரண்டு இல்லை. இடைவெளி இல்லை. ஒன்று இல்லை.

*அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது. அழுத்தப்பட்டது.*